பதினேழாவது நிகழ்ச்சி

அருந்தவன் மன்றத்திடம் கேட்டது ஒரேயொரு கடிதம். அரைப் பக்கம் போதும். கையெழுத்தும் ஒரு சீலும் இருந்தால் நல்லது. அதைக் கேட்கப் போன நாளை நினைத்தால் இப்போதும் அவனுக்குத் தன் கன்னத்தில் தானே இரண்டு போட்டுக்கொள்ள வேண்டும்போல் இருக்கும்.

விஷயம் இதுதான். சூடான் நாட்டின் தேசிய உதைபந்தாட்ட அணி ஒரு சினேகபூர்வ ஆட்டத்துக்காக சிட்னிக்கு வந்திருந்தது. சொந்த நாட்டில் சண்டை. சொந்த மைதானத்தில் ஆட வழியில்லாமல் ஊர் ஊராக ஆடித் திரிகிற பெடியன்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பரமற்றா ஹோட்டலில் ஏற்றி விமான நிலையத்தில் இறக்கிவிடும் வேலை, அருந்தவன் பஸ் ஓட்டுகிற கம்பனிக்குக் கிடைத்தது. அவன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஏனென்றால் அணியின் பெயர்ப்பட்டியலில் ஏழாம் இலக்கத்துக்கு நேரே, அணித்தலைவர் என்ற குறிப்போடு, மூசா ஆதம் ஹாரூன் என்று இருந்தது. படத்தில் இடது புருவத்தை இரண்டாக வெட்டியபடி ஒரு தழும்பு. அந்தத் தழும்பை அருந்தவன் பதின்மூன்று வருடத்துக்கு முன்பே ஒரு கசங்கிய புகைப்படத்தில், பன்னிரண்டு வயதுப் பையனின் முகத்தில் பார்த்திருக்கிறான்.

அந்தப் புகைப்படம் இட்ரீஸ் ஆதம் ஹாரூனுடையது. இட்ரீஸும் அருந்தவனும் வேறு வேறு அகதிப் படகில் வந்து, ஒரே தடுப்பு முகாமில், ஒரே அறையில் ஒன்றரை வருடம் கிடந்தவர்கள். வெளியே விட்ட பிறகும் பிளாக்டவுனில் ஒரு வீட்டின் பின்னறையை இரண்டு பேருமாக எடுத்து இருந்தார்கள். இவனுக்கும் இங்கிலீஷ் அரைகுறை, அவனுக்கும் அரைகுறை. இரண்டையும் சேர்த்து ஒரு முழு இங்கிலீஷாக வைத்துக்கொண்டு எல்லாம் பேசினார்கள். இட்ரீஸ் தமிழில் ஒரு சொல் மட்டும் சுத்தமாகச் சொல்லுவான். மச்சான்.

முகாமில் கொடுத்த வெள்ளைச் சேட் ஒன்றில் இட்ரீஸ் கறுப்புப் பேனையால் பெரிதாக ஏழு என்று எழுதி வைத்திருந்தான். தன் தம்பியின் இலக்கம் என்பான். தம்பி ஒரு நாள் நாட்டுக்காக விளையாடுவான், இங்கேயும் வருவான், அப்போது இதைக் கொடுக்க வேண்டும் என்பான். வெளியே வந்த இரண்டாம் வருடம் அவனுடைய நுரையீரலில் கட்டி என்றார்கள். நாலு மாதம்தான். கடைசி மூன்று நாளும் அருந்தவன் வேலைக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக் கதிரையில் அவன் கையைப் பிடித்தபடி இருந்தான். "மூசா கம், யூ ஷோ," என்றான் இட்ரீஸ். எதைக் காட்டுவது என்று அருந்தவனுக்கு அப்போது விளங்கவில்லை. ரூக்வூட் மயானத்தில் மண் போட்டு முடிந்த பிறகுதான் விளங்கியது.

குளிப்பாட்டித் தொழுகை நடத்தி அடக்கியதெல்லாம் ரஷீத் நானா. கல்முனைக்காரர், பிளாக்டவுனில் இறைச்சிக்கடை வைத்திருப்பவர், பதினொரு வருடம் ரியாத்தில் இருந்ததால் அரபு தண்ணீர்போல் ஓடும். அன்று சூடானுக்குப் போன் எடுத்துத் தாய்க்கு விஷயத்தைச் சொன்னதும் அவர்தான். பிறகு அங்கே சண்டை வந்தது, அந்த நம்பர் செத்துப்போனது, அந்தக் குடும்பம் எந்தத் திசையில் போனதென்றே தெரியவில்லை. ஆக, மூசாவுக்கு அண்ணன் செத்தது தெரியும். எங்கே கிடக்கிறான் என்று தெரியாது.

அருந்தவன் அணியின் முகாமையாளருக்கு மின்னஞ்சல் போட்டான். மரியாதையான பதில் வந்தது. வீரர்களைத் தனிநபர்கள் சந்திக்க முடியாது, பதிவு செய்யப்பட்ட சமூக அமைப்பு ஒன்றின் மூலமாக விண்ணப்பித்தால் பரிசீலிப்போம் என்று எழுதியிருந்தார்கள். அதனால்தான் அவன் மன்றத்துக்குப் போனான்.

மேற்கு சிட்னி அனைத்துத் தமிழர் ஒன்றிணைந்த மன்றம் என்பது அதன் முழுப் பெயர். அதிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்தவர்கள் நடத்துவதற்கு, உண்மையான அனைத்துத் தமிழர் ஒன்றிணைந்த மன்றம் என்று பெயர். அருந்தவன் போனது முதலாவதற்கு. தலைவர் சிறிதரன் நார்த்மீட்டில் இருக்கிறார், ஓய்வுபெற்ற எஞ்சினியர், இருபத்தொரு வருடமாகத் தலைவர். அருந்தவன் அவர் வீட்டுக்குப் போனபோது செயலாளர் மிருணாளினியும் அங்கே இருந்தா.

"ஒரு கடிதம்தான் ஐயா. மூசா எண்ட பெடியனை அரை மணித்தியாலம் ரூக்வூட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக அனுமதி கேட்டு. அவன்ர தமையனைத் தாட்ட இடம் அங்க இருக்கு. எயார்போட் போற வழிதான். ஞாயிறு பின்னேரம் அவையளுக்கு ஒரு வேலையும் இல்லையாம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதர் கண் கலங்கிவிட்டார் என்று அருந்தவன் நினைத்தான்.

"ஒரு நாட்டின்ர நஷனல் டீம்," என்றார் தலைவர். "உம்மட பஸ்ஸில வருது. அவையளுக்கு ஒரு வேலையும் இல்லை. நீர் சும்மா கொண்டுபோய் எயார்போட்டில இறக்கிப்போட்டு வரப்போறீர்?"

"இல்லை ஐயா, ரூக்வூட்டுக்கு..."

"அந்த மற்றப் பகுதி போன வருஷம் ஒரு கிரிக்கெட் அம்பயரைக் கூப்பிட்டுக் கௌரவிச்சவை. ஒரு அம்பயர்!" தலைவரின் குரல் தழுதழுத்தது. "மிருணா, செயற்குழுவைக் கூட்டும்."

செயற்குழு கூடியது. வரவேற்பு உபகுழு, விளக்கு உபகுழு, பொன்னாடை உபகுழு என்று மூன்று குழுக்கள் பிறந்தன. அணிக்குக் கடிதம் போனது. கையெழுத்தும் இருந்தது, சீலும் இருந்தது. ஞாயிறு ஒரு மணியிலிருந்து மாபெரும் பாராட்டு விழா என்றும், அணி முழுவதும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும் என்றும் அதில் இருந்தது. ரூக்வூட் இல்லை.

"தனிப்பட்ட விஷயங்களை லெட்டர்ஹெட்டில போடுறேல்லை தம்பி," என்றா மிருணாளினி. நிகழ்ச்சி நிரலை எடுத்துக் காட்டினா. "பாருங்கோ, உங்களையும் விடேல்லை." பதினேழு: நினைவுப் பகிர்வு, திரு. அருந்தவன் (சாரதி), இரண்டு நிமிடம். "நீங்கள் அதில சொல்லுங்கோ, ரஷீத் மொழிபெயர்க்கட்டும். அப்பிடியே அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கோ. மூண்டு மணிக்கு எல்லாம் முடிஞ்சிடும்."

அருந்தவன் இதைப் போய் ரஷீத் நானாவிடம் சொன்னான். அவர் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு மணிக்கு முடியிற விழா எண்டா மூணு மணிக்குத்தான் தொடங்குவாங்க தம்பி," என்றார். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "சரி, நான் வாறன். இட்ரீஸ்ட தம்பிக்கு நாமதானே சொல்லணும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அருந்தவன் அந்த ஏழாம் இலக்கச் சேட்டை அயர்ன் பண்ணி, ஒரு சுத்தமான உறையில் போட்டு, பஸ்ஸில் தன் ஆசனத்துக்குப் பின்னால் வைத்தான். பத்து வருடமாக அதைத் துவைக்கவில்லை. அயர்ன் பண்ணலாமா என்றுகூட அரை மணி நேரம் யோசித்தான். மூசா பஸ்ஸில் ஏறியபோது அருந்தவன் கதவை மூட மறந்து பார்த்தான். இட்ரீஸின் அதே நடை. காலை இழுக்காமல் இழுக்கிற மாதிரி ஒரு நடை. இங்கிலீஷில் தேங்க் யூவுக்கு மேல் தெரியாத மூசா காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு, சிரித்து, தலையாட்டிவிட்டுப் பின்னால் போய் இருந்தான்.

ஒரு மணிக்குச் சரியாகப் பஸ் பிளாக்டவுன் மண்டபத்துக்கு வந்தது. மண்டபம் பூட்டியிருந்தது. சாவி விளக்கு உபகுழுவிடம் இருந்தது. விளக்கு உபகுழு மெல்பேர்ன் கிளைத் தலைவரைக் கொண்டுவரும் விமானத்துக்காக விமான நிலையத்தில் காத்திருந்தது. மெல்பேர்ன் கிளையில் அவர் ஒருவர்தான், அதனால் அவர் இல்லாமல் தொடங்க முடியாது.

இரண்டு இருபத்தைந்துக்கு விளக்கேற்றல் ஆரம்பமானது. மண்டபத்தில் நெருப்புக் கொளுத்தத் தடை. கொளுத்தினால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும். ஆகவே குத்துவிளக்கின் ஐந்து முகத்திலும் சின்ன மின்குமிழ்கள் பூட்டி ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். ஏற்ற வேண்டியவர்கள் பதின்மூன்று பேர். ஒருவர் சுவிட்சைப் போடுவார், படம் எடுப்பார்கள், அடுத்தவருக்காக அணைப்பார்கள். மூசா ஒன்பதாவதாகப் போட்டான். பதின்மூன்றாவது ஆள் மெல்பேர்ன் கிளைத் தலைவர். அவர் போட்டபோது குமிழ் எரியவில்லை. பற்றரி வாங்கிவர ஒரு காரைக் கடைக்கு அனுப்பினார்கள்.

இதற்கிடையில் ரஷீத் நானாவின் கழுத்தில் மஞ்சள் அட்டை மாட்டப்பட்டது. நீல அட்டை மேடைக்கு, மஞ்சள் அட்டை குசினிக்கு. ஹலால் சாப்பாடு அவர் பொறுப்பு என்று செயற்குழு தீர்மானித்திருந்தது.

"மொழிபெயர்ப்பு?" என்று கேட்டார் ரஷீத் நானா.

"அது என்ர மகள் சயந்தினி. ஸ்கூலில பிரெஞ்ச் படிச்சவள்," என்றா மிருணாளினி. "ஆபிரிக்காவில பிரெஞ்ச்தானே."

"அம்மா, தே ஸ்பீக் அராபிக்," என்றாள் பக்கத்தில் நின்ற சயந்தினி.

"பரவாயில்லை பிள்ளை. ஸ்டேஜில நிண்டால் காணும்."

குசினியில் நிற்பவர்களின் போன்களை வரவேற்பு உபகுழு ஒரு பிளாஸ்டிக் கூடையில் சேகரித்துக்கொண்டு போனது. போன வருடம் மௌன அஞ்சலியின்போது ஒரு போன் குத்துப்பாட்டுப் பாடிவிட்டதாம். அருந்தவனுக்கு எந்த நிற அட்டையும் இல்லை. சாரதிகளுக்கு நிறம் ஒதுக்கப்படவில்லை. அவன் கதவோரமாக, உறையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றான்.

பிறகு பொன்னாடை. வீரர்கள் இருபத்தாறு பேர், அதிகாரிகள் ஒன்பது பேர். பொன்னாடைகள் பன்னிரண்டு. பொன்னாடை உபகுழுவின் தலைவர் அதற்கு ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். வீரர் மேடைக்கு வந்து கழுத்தைக் குனிய வேண்டும். போர்த்தியதும் கமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். இறங்கி மேடையின் பின்பக்கம் போய்ப் பொன்னாடையைக் கழற்றி, நாலாக மடித்து, இரண்டு கையாலும் உபகுழுவிடம் கொடுத்துவிட வேண்டும். அது சுற்றிக்கொண்டு மறுபடி முன்னால் வரும். இதை வாயால் விளக்க ஒரு மொழியும் இல்லாததால் மூசாவை முன்னுக்கு நிறுத்திச் செய்து காட்டினார்கள். குனி, சிரி, கழற்று, மடி, கொடு. அவன் நல்ல பிள்ளை, உடனே பிடித்துக்கொண்டான். அணித்தலைவர் என்பதற்காக ஒரு முறை, அணியின் சார்பில் ஒரு முறை, இளையோர் பிரிவின் சார்பில் ஒரு முறை, மாதர் பிரிவின் சார்பில் ஒரு முறை என்று நாலு முறை குனிந்தான். நாலாவது முறை யாரும் சொல்லாமலே மடித்துக் கொடுத்தான். மண்டபம் கைதட்டியது.

மூன்று நாற்பதுக்குத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நான் அதிகம் பேச விரும்பவில்லை. வீரர்கள் களைத்திருப்பார்கள், அவர்களுக்கு விமானம் இருக்கிறது, இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசுகிறேன் என்றால் அது கடமை. பிரதர்ஸ்! நீங்கள் எங்கள் பிரதர்ஸ்! உங்கள் நாட்டில் யுத்தம். யுத்தம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டும்." சொன்னார், பதினைந்து நிமிடம். "உதைபந்தாட்டத்தில் தலைவரை மாற்றுகிறார்கள், பயிற்சியாளரை மாற்றுகிறார்கள். அதனால்தான் தோற்கிறார்கள். எங்கள் மன்றத்தில் இருபத்தொரு வருடமாக ஒரு தேர்தலும் நடக்கவில்லை. அவ்வளவு ஒற்றுமை! எங்களை விட்டுப் போனவர்கள் நூற்றுக்கணக்கானோர். அவர்களும் எங்களை ஒற்றுமையாகத்தான் விட்டுப் போனார்கள்."

சயந்தினி ஒலிவாங்கியில், "ஹி சேஸ் வெல்கம்," என்றாள்.

"பிரதர் என்ற சொல்லின் அர்த்தம் தெரிந்தவன் தமிழன் ஒருவனே," என்று தலைவர் மறுபடி தொடங்கினார். அன்றைக்கு மேடையில் ஏறிய ஒவ்வொருவரும் அந்தப் பெடியன்களை பிரதர் என்று கூப்பிட்டுக் கை குலுக்கினார்கள். பெடியன்களும் பழகி, எதைக் கேட்டாலும் "யெஸ், பிரதர்" என்றார்கள்.

நாலு பத்து. அணியின் முகாமையாளர் எழுந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நிகழ்ச்சி நிரலில் அப்போது பதினொன்று நடந்துகொண்டிருந்தது. தொகுப்பாளர் நரசிம்மன், சென்னைக்காரர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு மிருணாளினியிடம் ஓடினார்.

"மேடம், இன்னும் நாலு வாழ்த்துரை இருக்கு. அந்த டிரைவர் சார் வேற வெயிட் பண்றார். என்ன பண்ணலாம்?"

மிருணாளினி நீளமாக யோசிக்கவில்லை. நீளமாக யோசிப்பதற்கு நேரம் இல்லை. ஒலிவாங்கியை வாங்கி அறிவித்தா. "நேரமின்மை காரணமாக, பதினேழாவது நிகழ்ச்சியான நினைவுப் பகிர்வு, பகிரப்பட்டதாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது."

கைதட்டினார்கள்.

அருந்தவன் குசினிக்கு ஓடினான். ரஷீத் நானா மலைபோல் புரியாணிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றார்.

"நானா, வாங்கோ. இப்பவே வெளிக்கிடுறம். பஸ்ஸில வந்து சொல்லுங்கோ."

ரஷீத் நானா ஏப்ரனைக் கழற்றினார். வாசலில் வரவேற்பு உபகுழு நின்றது. சனம் முந்நூறு பேர் பசியோடு இருக்கிறார்கள், விருந்தினர் போனாலும் விழா நடக்கும், இருபத்து மூன்றாவது நிகழ்ச்சியில் ரஷீத்துக்கே ஒரு பொன்னாடை இருக்கிறது என்றது. பஸ் வாசலிலோ முகாமையாளர் ஒரு தாளை வைத்துத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். தாளில் இல்லாத தலை ஏற முடியாது.

"நீ போ தம்பி," என்றார் ரஷீத் நானா. "அங்க இறக்கின கையோட எனக்குப் போன் அடி. அவன்ட காதில வை. நான் அதுக்குள்ள கூடையில இருந்து போனை எடுத்து வெச்சிருப்பன். எப்பிடியும் எடுப்பன்."

பஸ் எம் ஃபோர் நெடுஞ்சாலையில் போனது. பின்னால் பெடியன்கள் தூங்கினார்கள். சில்வர்வாட்டர் ரோட் திருப்பம் வந்தபோது அருந்தவன் தன்னை அறியாமல் இடது சிக்னலைப் போட்டான். டிக், டிக், டிக் என்று அது அடித்தது. அந்தப் பக்கம் பத்து நிமிடம் போனால் இட்ரீஸ். முகாமையாளர் நிமிர்ந்து பார்த்து, "ஏர்போர்ட்?" என்றார். அருந்தவன் சிக்னலை அணைத்தான். தன் வாழ்க்கையில் இத்தனை பேரை இத்தனை இடத்தில் இறக்கிவிட்டவன், ஒருவனை மட்டும் ஓர் இடத்தில் இறக்க முடியவில்லையே என்று நினைத்தபோது வீதி மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினான்.

விமான நிலையத்தில் பஸ்ஸை அதிக நேரம் நிறுத்த விடமாட்டார்கள். மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவன் விசிலும் கையுமாக நின்றான். பைகள் இறங்கின. மூசா கடைசியாக இறங்கி, விழாவில் கொடுத்த, மன்றத் தலைவரின் படம் பொறித்த பெரிய நினைவுச் சின்னத்தைத் தள்ளுவண்டியில் வைத்தான். அருந்தவன் போனை அழுத்தினான். அது அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. போன் கூடையை வரவேற்பு உபகுழு, மன்றத் தலைவரின் காருக்குள் வைத்துப் பூட்டியிருந்தது என்று பிறகுதான் தெரியவந்தது.

விசில் ஊதியது. இனிப் பொறுக்க முடியாது. அருந்தவன் உறையைக் கிழித்துச் சேட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"இட்ரீஸ்," என்றான். "யுவர் பிரதர். இட்ரீஸ். யுவர் பிரதர்."

அணியில் இட்ரீஸ் என்று இரண்டு பேர் இருந்தார்கள். பிரதர்கள் அன்று முந்நூறு பேர். மூசா களைத்த முகத்தோடு, ஆனால் அன்பாகச் சிரித்தான்.

"யெஸ், பிரதர். தேங்க் யூ, பிரதர்."

சொல்லிவிட்டுக் கழுத்தைக் குனிந்தான்.

அருந்தவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்த கழுத்தை அப்படியே விட முடியுமா? சேட்டை அவன் தோளில் போர்த்தினான். கறுத்த ஏழு முதுகில் விரிந்தது. மூசா நிமிர்ந்து, கமரா எந்தப் பக்கம் என்று இரண்டு பக்கமும் பார்த்து, ஒன்றையும் காணாமல் பொதுவாகச் சிரித்தான். பிறகு சேட்டைக் கழற்றினான். நாலாக மடித்தான், மூலைக்கு மூலை பொருந்த. இரண்டு கையாலும் அருந்தவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனான். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

பஸ் ஓட்டத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் போன் அதிர்ந்தது. மன்றத்தின் குழுச் செய்தி. விழா வரலாறு காணாத வெற்றி, பன்னிரண்டு பொன்னாடைகளும் குறைவின்றித் திரும்பக் கிடைத்தன, பொன்னாடை உபகுழுவுக்கு நன்றி என்று இருந்தது.

திங்கட்கிழமை காலை அருந்தவன் ரூக்வூட்டுக்குப் போனான். ரஷீத் நானாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். அவர் கொஞ்சம் தள்ளி நின்று கையேந்தி ஓதினார். நேற்றைய பொன்னாடையை அவரும் மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். போனைத் தேடிக் கார்த்தரிப்பிடம் முழுக்க ஓடியதைச் சொல்ல வாயெடுத்தார், அருந்தவனின் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டார்.

அருந்தவன் புல்லில் குந்தியிருந்து, மடிப்புக் கலையாத சேட்டை மடியில் வைத்துக்கொண்டான்.

"உன்ர தம்பி வந்தவன் மச்சான்," என்றான். "நல்ல பெடியன். உன்ர நடைதான். இஞ்ச வரத்தான் நேரம் கிடைக்கேல்லை, கோவிக்காதை." சேட்டின் மடிப்பை விரலால் நீவினான். "சேட்டைத் தோளில போட்டுப் பாத்தனான். அளவு சரி."

இதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனாலும் அவன் மண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.